மசாலா போடாத கறி

கண்ணு,

உன் இன்லேண்ட் லெட்டர் வியாழக்கிழமை வந்தது. பெங்களூரில் வீடு கிடைத்துவிட்டது, இரண்டாவது மாடி, பால்கனிக்கு நேரே வேப்பமரம், வேலை பார்க்கிற ஓட்டலுக்கு ஒரே பஸ் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். சத்தமாகப் படித்துக்கொண்டே வந்த உங்கப்பா ஒரு வரியில் நின்றுவிட்டார். "வீட்டுக்காரர் ரொம்ப ஆசாரம். நாங்க சுத்த சைவம்னு சொல்லிப்போட்டேன், உடனே சாவியக் கையில குடுத்துட்டாரு." அதற்குக் கீழே, பசை ஒட்டுகிற ஓரத்தில், இடம் போதாமல் எறும்பு எழுத்தில் இன்னொரு வரி. "ஜெபாவுக்கு உன்னோட ஸ்ட்ரோகனாஃப் கத்துக்கணுமாம், செய்முறை எழுதி அனுப்பும்மா." ஏன் சாமி, மாட்டுக்கறி ஸ்ட்ரோகனாஃபை அவள் எங்கே வைத்துச் செய்வாள்? அந்த வேப்பமரத்தின் மேலேயா? கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை, அதற்குள் வரப்போகிறவளுக்கு ஒரு கையில் செய்முறையையும் இன்னொரு கையில் பொய்யையும் கொடுக்கப் பார்க்கிறாய்.

போனில் கூப்பிட்டுத் திட்டலாம் என்றுதான் கிளம்பினேன். உங்கப்பா தடுத்துவிட்டார். எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்துவதில்லையாம், நான் போடும் சத்தம் கணபதி ஏரியா முழுக்கக் கேட்குமாம். அதனால் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். முதலில் செய்முறை, ஏனென்றால் கேட்டவள் ஜெபா. திட்டு பின்னால் வரும், பொறுக்க முடியாவிட்டால் நடுவிலும் வரும். இதை நீ அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. வேறு யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான், இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அண்டர்கட் என்று கேட்டு வாங்கச் சொல். முதுகெலும்புக்கு உள்பக்கம் இருக்கிற மெத்தென்ற பகுதி அது, அரைக் கிலோ இருந்தால் நாலு பேர் சாப்பிடலாம். கழுவி வடியவிட்டு, துணியால் ஒற்றி, ஈரமே இல்லாமல் செய்துகொள்ள வேண்டும். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே, சுண்டுவிரல் கனத்துக்கு நீளநீளமாக நறுக்க வேண்டும். உப்பும் மிளகுத்தூளும் மட்டும் போதும். மஞ்சள் கூடாது, இஞ்சி பூண்டு கூடாது. மஞ்சள் போடாமல் கறியை அடுப்பில் ஏற்றுவதா என்று எனக்கு இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்ளும், ஆனாலும் கூடாது. இரும்புச் சட்டி புகை வருகிற அளவுக்குக் காய்ந்ததும் கொஞ்சம் எண்ணெய், கூடவே ஒரு கரண்டி வெண்ணெய். கறியை ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்துத் தட்டில் வைத்துவிட வேண்டும். ஒரு ஈடுக்கு இரண்டு நிமிஷம் போதும். மொத்தத்தையும் ஒன்றாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு வெந்துபோகும், வறுபடாது. அதே சட்டியில் பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி வதக்கி, பட்டன் காளானைப் போட்டு, அது விட்ட தண்ணீர் வற்றுகிறவரை கிளற வேண்டும். ஒரு ஸ்பூன் மைதா தூவி, எலும்பு வேகவைத்த தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றி, அது கொதித்துக் கெட்டியானதும் அரைத்த கடுகு அரை ஸ்பூன். கடுகை முதல் நாளே வினிகரில் ஊறப்போட்டு அரைத்துக்கொள்ளட்டும்.

இனிமேல்தான் கவனம். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தயிர் சேர்க்க வேண்டும். உங்கள் கேட்டரிங் காலேஜ் புத்தகத்தில் போட்டிருந்த புளித்த கிரீம் எனக்கு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. லேசாகப் புளித்த கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, இரண்டு நாள் பாலாடையை அதோடு சேர்த்து அடித்து வைத்துக்கொள்வேன். அதைச் சட்டியில் கலந்து, தட்டில் எடுத்து வைத்த கறியையும் அதிலேயே புரட்டினால் முடிந்தது. நீ நூடுல்ஸ் வேகவைப்பாய், ஓட்டலில் உருளைக்கிழங்கை வறுத்து வைப்பீர்கள், எல்லாம் சரி. நம் வீட்டில் இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து, அதன்மேல் ஊற்றிச் சாப்பிட்டோம். ஜெபாவையும் சந்தகைதான் பிழியச் சொல், உன் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இவ்வளவு எளிதாக எழுதிவிட்டேனே, இது நம் வீட்டுக்குள் வந்த கதை ஜெபாவுக்குத் தெரியாது. நாம் அப்போது இதே கணபதியில் ஒரு கவுண்டர் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். வீடு கேட்டுப் போன அன்றைக்கு, "கறி எடுப்பீங்களா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். "ஞாயித்துக்கெழம ஆட்டுக்கறி எடுப்போமுங்க" என்றார் உங்கப்பா. அந்த ஒரு வார்த்தையைப் பதிமூன்று வருஷம் காப்பாற்றினோம். என் அப்பா அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். மாட்டுக்கறி எடுத்த அன்றைக்கு, "இன்னிக்கு நம்மூட்டுல கறி" என்று தெருவே கேட்கச் சொல்லிக்கொண்டு வருவார். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அதுதான், யாரிடம் மறைப்பது? டவுனுக்கு வந்து, உங்கப்பாவுக்கு இரும்பு வார்க்கிற பவுண்டரியில் மோல்டர் வேலை கிடைத்து, மாடி வைத்த மெத்தை வீட்டில் குடியேறிய பிறகுதான் நாங்கள் மறைக்கப் பழகினோம். நாலு பேர் மதிக்கிற மாதிரி வாழ்வது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டோம்.

எப்படி மறைத்தோம் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. உங்கப்பா உக்கடத்தில் மாட்டுக்கறி வாங்கி, ஆட்டுக்கறி இல்லை என்று நிறத்திலேயே தெரிந்துவிடும் என்று பேப்பரில் சுற்றிப் பைக்குள் போட்டு, மேலே இரண்டு கட்டு அரைக்கீரையை வைத்துக்கொண்டு வருவார். வாசலில் நிற்கும் வீட்டுக்காரம்மாவின் கண்ணுக்குக் கீரைதான் தெரியும். "வாரம் தவறாமக் கீரை திங்கறீங்க, அதானுங்க உங்கூட்டுக்காரருக்கு இன்னும் கண்ணாடியே இல்லாம இருக்குது" என்று ஒருநாள் மெச்சிவிட்டு, தன் தோட்டத்துக் கீரையையும் பறித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கீரை தின்று தின்று நமக்கு நாக்கே பச்சையாகிவிட்டது. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, கடையில் வாங்குவதையும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் பையை எதைக்கொண்டு மூடுவது? சமைக்கும்போது கிராம்பும் சோம்பும் தேங்காயும் இரண்டு மடங்கு அரைத்துப் போடுவேன். என் கறிக்குழம்பு பிரமாதம் என்று நம் சர்ச் சபையில் பேர் வாங்கியிருந்தேன் அல்லவா, அவ்வளவும் பயத்தில் அரைத்த மசாலா.

நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தாய். யார் கேட்டாலும் ஆட்டுக்கறி என்றுதான் சொல்ல வேண்டும் என்று உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் உன்னை ஜெபம் பண்ணச் சொன்னோம். "இந்த ஆட்டுக்கறிக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாய். உடனே ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஏம்மா, ஏசப்பாகிட்டயும் ஆட்டுக்கறின்னுதான் சொல்லணுமா?" என்று கேட்டாய். உங்கப்பாவுக்குப் புரையேறிவிட்டது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்காட்டினேன். உன் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவே இல்லை.

கேட்டரிங் இரண்டாம் வருஷத்தில் நீ ஒருநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, ரஷ்யாக்காரர்கள் சமையல், ஸ்ட்ரோகனாஃப் என்றாய். "ஏதோ டிராக்டர் கம்பெனி பேராட்டம் இருக்குது" என்றார் உங்கப்பா. காலேஜில் கோழியை வைத்துச் செய்து காட்டினார்களாம். ஆளெடுக்க வருகிற பெரிய ஓட்டல்காரர்கள் மாட்டுக்கறியில்தான் செய்யச் சொல்வார்கள், முடிந்தவர்கள் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள் என்று உன் சார் சொன்னாராம். எனக்கு ஒரே பெருமை. வகுப்பு முழுக்கக் கோழியோடு நிற்க, என் பிள்ளை வீட்டில் மட்டும் அசல் சரக்கு. உங்கப்பா பவுண்டரியில் சொல்லி ஒரு இரும்புச் சட்டியே வார்த்துக்கொண்டு வந்துவிட்டார், இரண்டு கையாலும் பிடித்தால்தான் அது அசையும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நீ காளான் வாங்கப் போயிருந்தாய். நீ வருவதற்குள் வேலையைச் சுருக்கலாம் என்று, நறுக்கி வைத்திருந்த கறியை மஞ்சள் போட்டு, குக்கரில் ஐந்து விசில் விட்டு இறக்கிவிட்டேன். மாட்டுக்கறி என்றால் குக்கர்தானே, என் கைக்கு வேறென்ன தெரியும்? நீ வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, கொன்னுபோட்டயே" என்று கீழே உட்கார்ந்துவிட்டாய். இரண்டாவது வாரம் கறியை ஒழுங்காக வறுத்தாய். அடுப்பு எரிய எரியத் தயிரை ஊற்றினாய், அது திரிந்து திப்பிதிப்பியாகிவிட்டது. உங்கப்பா அதையும் விடாமல் சாப்பிட்டு முடித்து, "நல்லாத்தான்டா இருக்குது, கண்ண மூடிக்கிட்டாச் சரியாப் போச்சு" என்றார். மூன்றாவது வாரம் எல்லாம் கூடிவந்தது. வெண்ணெயில் கறி சிவக்கிற வாசம் வீடு முழுக்க நிறைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சமையலில் கிராம்பு இல்லை, சோம்பு இல்லை, எதன் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்திவிட்டுத் திரும்பினால் வாசலில் வீட்டுக்காரம்மா, கையில் ஒரு கிண்ணம்.

"ஏனுங்க அம்மணி, என்ன செய்யறீங்க? வாசம் கீழ வரைக்கும் வந்து ஆள இழுக்குதுங்க" என்றார். அவர் மருமகளுக்கு அப்போது மூன்றாவது மாசம். "மூணு நாளாத் தண்ணி குடிச்சாலும் வாந்தி. இந்த வாசத்துக்கு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, அத்தை, அது என்னன்னு கேளுங்கங்குது. ஆட்டுக்கறிதானுங்களே?" நான் மூச்சுவிடுவதற்குள் நீ முந்திக்கொண்டாய். "ஆமாங்க, ஆட்டுக்கறிதானுங்க." உன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, நீ பாட்டுக்குச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாய். அவ்வளவு நன்றாக நான் உன்னைப் பழக்கியிருந்தேன். "அப்படின்னா ஒரு கிண்ணம் குடுங்க கண்ணு, புள்ளைத்தாச்சி ஆசைப்பட்டுப்போட்டா" என்று அவர் கிண்ணத்தை நீட்டினார்.

கொடுத்தால், வாழ்நாளில் அதைத் தொடாத ஒரு பெண்ணுக்கு, அதுவும் வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு, ஏமாற்றி ஊட்டின பாவம். இல்லை என்றால், மசக்கைக்காரி ஆசைப்பட்டதை மறுத்த பாவம். உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். எதையும் யோசிக்காமல் சட்டியைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். இரண்டு கையாலும் பிடித்தால்தான் அசைகிற சட்டி, கை தவறி விழுமா? அவர் சந்தேகப்படவே இல்லை. "அய்யோ, அம்மணி, கை சுட்டுப்போச்சா? தண்ணியில வையுங்க, நான் தொடைக்கறேன்" என்று கிண்ணத்தை வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து, சிந்திக்கிடந்த கறியை வெறுங்கையால் வழிக்கப் போனார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "தொட்டுப்போடாதீங்க. மாட்டுக்கறிங்க அது."

அவர் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தார். "தம்பி, ஆட்டுக்கறின்னு சொன்னயே?" என்றார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். சொல்லிக்கொடுத்தவள் நான், தலை குனிந்தவன் நீ. கண்ணு, அதற்காக என்னை மன்னித்துவிடு. இத்தனை வருஷமாக உன்னிடம் இதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன், நேரில் நாக்கு எழவில்லை. அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனதும் உங்கப்பா சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லவேளை, விரிசல் விடல" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மூன்று நாள் கழித்து அவரே மாடிக்கு வந்தார். "நீங்க என்ன திங்கறீங்கங்கிறது உங்க இஷ்டமுங்க. பதிமூணு வருசமா என்னைய முட்டாளாக்கிப்போட்டீங்களே" என்றார். எனக்கும் ரோசம் வந்தது. "மொதல்லயே சொல்லியிருந்தா ஊடு குடுத்திருப்பீங்களா?" என்று கேட்டேன். "குடுத்திருக்க மாட்டோமுங்க" என்றார். அடுத்த மாசம் காலி செய்யச் சொன்னார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, இன்றைக்கும் உண்டு. என் சட்டிக்குள் என்ன வேகிறது என்று பார்த்து வீடு கொடுப்பது என்ன நியாயம்? ஆனால் கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொன்னார், நான் பதிமூன்று வருஷம் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய வெட்கமாகப் போயிற்று.

அதற்குப் பிறகு உங்கப்பா வீடு தேடின அழகைத்தான் நீயே பார்த்தாயே. கதவைத் தட்டுவார், கும்பிடுவார், "நாங்க மாட்டுக்கறி திம்போமுங்க, சம்மதம்னா ஊட்டைப் பாக்கறோம்" என்பார். எத்தனை அறை, தண்ணீர் வருமா என்றுகூடக் கேட்கமாட்டார். நாலு இடத்தில் கதவைச் சாத்தினார்கள். ஐந்தாவதாகப் பார்த்ததுதான் இப்போது இருக்கிற இந்த ஓட்டு வீடு. இதன் சொந்தக்காரர் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். "ஏனுங்க, எங்க பண்ணைக் காத்தை விடவா உங்க கறி நாறிடப் போகுது? வாங்க வாங்க" என்று சாவியைக் கொடுத்தார். மாடி இல்லை, மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகும். வந்த வாரமே ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்து நீ ஸ்ட்ரோகனாஃப் செய்தாய். ஓட்டல்காரர்கள் உன்னைப் பொறுக்கியெடுத்ததும் அதைச் சாப்பிட்டுப் பார்த்துத்தான்.

இன்னொன்றையும் கேள், இது உனக்குத் தெரியாது. அந்த மருமகளுக்குக் குழந்தை பிறந்து, தாய்வீட்டிலிருந்து வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஆசைப்பட்டவளுக்குக் கொடுக்காமல் விட்டது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கோழி வாங்கி, அதே மாதிரி வெண்ணெயில் வறுத்து, தயிரும் ஆடையும் சேர்த்துச் செய்து, தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரம்மா வாங்க என்று கூப்பிட்டு, உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். போசியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க, இது நெசமாலுமே கோழிதானுங்களா?" என்று கேட்டார். என்னால் கோபப்பட முடியவில்லை. உன்மேல் சத்தியம் பண்ணிக் கோழி என்றேன். தலையை ஆட்டி வாங்கி வைத்துக்கொண்டார். சாப்பிட்டார்களா, கொட்டினார்களா, எனக்குத் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் உனக்குக் கதை விடவில்லை. வேப்பமரம் போகும், பால்கனி போகும், ஓட்டலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டி வரும். ஆனால் கொஞ்சம் யோசி. பொய் சொன்னது நீ. காலையில் போனால் ராத்திரி வரைக்கும் ஓட்டலில் நிற்பாய். அந்தப் பொய்யோடு வீட்டில் இருக்கப்போகிறவள் ஜெபா. அடுப்பில் என்ன வாசம் வருகிறது, ஜன்னல் சாத்தியிருக்கிறதா, எலும்பை எதில் சுற்றி எந்த முக்கில் போடுவது, கதவைத் தட்டுகிறவர் கையில் கிண்ணம் இருக்கிறதா என்று நாள் முழுக்கக் காவல் காக்கப் போகிறவள் அவள். பதிமூன்று வருஷம் நான் பார்த்த வேலை அது, எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலிலேயே சாப்பிட்டுக்கொள்வோம் என்று நீ சொல்வாய். அப்படியானால் தன் வீட்டு அடுப்பில் தனக்குப் பிடித்ததைச் சமைக்கும் சந்தோஷத்தை அவளுக்கு எந்தக் கிழமை கொடுப்பாய்? நாளைக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அதைப் பக்கத்தில் உட்காரவைத்து நீயும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுப்பாயா?

உங்கள் குடித்தனத்துக்குப் பால் காய்ச்ச நான்தான் வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். வாரேன் கண்ணு, வராமல் இருப்பேனா? கறி நறுக்கும் கத்தியிலிருந்து சந்தகை பிழிகிற மணை வரைக்கும் மூட்டை கட்டியாயிற்று. உங்கப்பா புதுச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்தப் பெங்களூர் வீட்டுக்காரரிடம் நீ நேரில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எனக்கு ஒரு கார்டு போடு. அவர் சரி என்றாரா, சாவியைத் திருப்பிக் கேட்டாரா என்று எழுதக்கூட வேண்டாம். சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். அந்தக் கார்டு வந்த பிறகுதான் நான் டிக்கெட் எடுப்பேன், எந்த வீட்டுக்கு என்றாலும்.

உன் அம்மா